நுனி திறந்த சங்கு

ஊதுசங்கு வாங்க வருகிறவர்கள் முதலில் வெள்ளிப் பூணைப் பார்க்கிறார்கள். அடுத்து, வலம்புரியா என்று கேட்கிறார்கள். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். நுனியைத் திருப்பிப் பார்க்கிறவர் அரிது. ஊதுகிறவனுக்கு எல்லாமே அந்த நுனியில்தான் இருக்கிறது.

கடலிலிருந்து வரும் சங்கை அப்படியே எடுத்து ஊத முடியாது. மேலே பழுப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். உள்ளே உயிர் இருக்கும். தோலைச் சுரண்டிச் சதையை நீக்கிய பிறகும் அது ஒரு மூடிய கூடுதான். நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற அறை, குறுகிக்கொண்டே போய்க் கூர்நுனியில் முடிந்துவிடுகிறது. அந்த நுனியை அறுத்து, அரம் போட்டு ராவி, உள்ளே குறுக்கே நிற்கும் சுவரையும் தட்டி எடுத்தால்தான் காற்றுக்கு வழி. சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இருந்தால் போதும். அதற்கும் குறைந்தால் மூச்சு முட்டும். கூடினால் உதடு உள்ளே விழுந்து, ஒலி நிற்காமல் தள்ளாடும். அறுக்கிறவருக்குக் கை நிதானம் வேண்டும். ஒருமுறை கூடுதலாக அறுத்துவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

காரைக்கால் கோயில்களில் மாலைப் பூசைக்குச் சங்கு ஊதும் அடியார்களில் நானும் ஒருவன். பகலில் வேறு பிழைப்பு. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், கையில் கொடுத்த முதல் சங்கைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று. “தம்பி, இதுல இனிமே தண்ணி நிக்காது. தெரிஞ்சுக்க.” அப்போது அது எனக்கு எச்சரிக்கையாகத்தான் பட்டது. தீர்த்தம் எடுக்கவோ அபிஷேகத்துக்கோ இதைக் கொண்டுபோய்விடாதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் அந்த விதி கண்டிப்பானது. வாய் வைத்து ஊதும் சங்கில் பூசைக்கு நீர் எடுக்க மாட்டார்கள், எச்சில் பட்டது. பூசைச் சங்கை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். இரண்டும் தனித்தனி இடத்தில், தனித்தனித் துணியில் இருக்கும். ஆசாரம் பார்க்கிறவர்கள் இதை எச்சில் கணக்கில் சொல்வார்கள். கைவேலை தெரிந்தவர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும்: நுனி முழுதாக இருப்பது தாங்கும், அறுபட்டது தாங்காது. எந்தச் சங்காலும் இரண்டு வேலையும் செய்ய முடியாது.

இங்கிருந்து தரங்கம்பாடி தாண்டினால் திருக்கடையூர். கார்த்திகைச் சோமவாரத்தில் அங்கே அமிர்தகடேசுவரருக்கு 1008 சங்காபிஷேகம். நெல்லைப் பரப்பி, அதன்மேல் சங்குகளை வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நீர் நிரப்பி, சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்து மந்திரம் சொல்லும்போது பார்க்க வேண்டும். அத்தனையும் நுனி மூடிய சங்குகள்; ஒன்றுகூட வாய் திறக்காது. மண்டபத்தின் ஓரத்தில் ஒருவர் நுனி அறுத்த சங்கோடு நின்றுகொண்டிருப்பார். நீர் சாமிமேல் விழும் நேரத்துக்கு அவர் ஊதுவார். நிரம்பியிருப்பவை ஆயிரத்தெட்டு, காலியாக இருப்பது ஒன்று. ஒலி வருவது அந்தக் காலியானதிலிருந்து. பெரியவர் சொன்னது எச்சரிக்கையோடு நிற்கவில்லை என்று எனக்கு உறைத்தது அங்கே நின்று பார்த்தபோதுதான்.

சங்கு என்றால் ஓங்காரம், சங்கு என்றால் பாஞ்சஜன்யம், சங்கு என்றால் திருமகள் என்று கையேடுகளில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மறுக்கவில்லை. சைவர்களுக்கும் கதை உண்டு. ஆக்கூர் பக்கத்தில் தலைச்சங்காடு. சம்பந்தர் பாடிய தலம், சங்காரண்யேசுவரர் கோயில். அங்கே திருமால் சிவனை வழிபட்டுத்தான் சங்கைப் பெற்றார் என்பார்கள். லிங்கமே சங்கு வடிவம் என்பார்கள். அதே ஊரில் பெருமாள் கோயிலும் உண்டு, நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. இரண்டு கோயிலுக்கும் சங்கு பொது. இந்தக் கதைகளை எல்லாம் தெரிந்துகொண்டு ஊதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் கதையை மட்டும் படித்தவர்க்கு, அறுபட்ட நுனியின் பொருள் பிடிபடாது. அது கையில் எடுத்து ஊதிப் பார்த்துத்தான் வர வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில், பிரனீஸ் மலையடிவாரத்தில், மார்சூலாஸ் என்றொரு குகை. 1931-இல் அங்கே ஒரு பெரிய சங்கு கிடைத்தது. (அப்போது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது, 1954 நவம்பர் வரைக்கும்.) கண்டெடுத்தவர்கள் அதைச் சேர்ந்து குடிக்கும் கிண்ணம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். துலூஸ் அருங்காட்சியகத்தில் அது தொண்ணூறு ஆண்டு கிண்ணமாகவே கிடந்தது. 2021-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் நுனியைப் பார்த்தார்கள். தானாக உடையக்கூடிய இடமே இல்லை அது. சங்கில் மிகக் கெட்டியான பகுதி. யாரோ வேண்டுமென்று உடைத்திருக்கிறார்கள். ஊதத் தெரிந்த இசைக்கலைஞர் ஒருவரை அழைத்து ஊதச் சொன்னார்கள். ஒலித்தது. வயது சுமார் 18,000 ஆண்டு. வாயின் உள்விளிம்பில் செந்நிறத்தில் விரல்நுனியால் வைத்த புள்ளிகள் இருந்தன. அதே மாதிரிப் புள்ளிகள் குகைச் சுவரிலும் உண்டு. ஊதுகருவியாக்கியதோடு அதற்குப் பொட்டும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் சங்குக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அதற்கு இவ்வளவு தூரத்தில் ஒரு பங்காளி இருக்கிறான் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது.

ஊதும் விதத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். கன்னம் உப்பி, கண் சிவந்து, வெறும் காற்று புஸ்ஸென்று போகும். சங்குக்குச் சீவாளி கிடையாது. நாகசுரத்தில் நாணல் செய்கிற வேலையை இங்கே உதடு செய்ய வேண்டும். உதட்டை மூடி, நடுவில் மட்டும் மெல்லிய இடைவெளி விட்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை ஏற்றினால் உதடு அதிரும். அந்த அதிர்வை வாங்கி, சுருளுக்குள் சுழற்றி, பெரிதாக்கி வெளியே அனுப்புவது சங்கின் வேலை. கன்னம் உப்பக் கூடாது. உதட்டை இன்னும் இறுக்கினால் அதே சங்கு ஒரு ஸ்தாயி மேலே தாவும். அகன்ற வாய்க்குள் விரல்களை நுழைத்தால் ஒலி இறங்கும். வித்தை காட்டுகிறவர்கள் இதையெல்லாம் செய்வார்கள். தீபாராதனைக்கு அது வேண்டாம். மெல்ல எடுத்து, நிறைத்து, மூச்சு முடிகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கடைசித் துளி மூச்சுவரை பிழிந்தால் ஒலி முனகிக்கொண்டு சாகும். கேட்கிறவர்களுக்கு அது ஆகாது.

சங்கில் இராகம் இல்லை. நாகசுரக்காரர் எந்தச் சுருதியில் இருந்தாலும் சங்கு தன் சுருதியைத்தான் சொல்லும். அதனால்தான் கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் எங்களை விடுகிறார்கள். அங்கே யார் சுருதியையும் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தருமபுரம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை முறிக்கப் போனார் என்று சொல்லும் தலம். சாமி பேரே யாழ்மூரிநாதர். கருவிக்கு எல்லை உண்டு என்பதையே கோயிலாக்கி வைத்திருக்கிற ஊர். யாழுக்கே அந்தக் கதி என்றால், ஒற்றைச் சுரம் மட்டும் தெரிந்த சங்கு எதற்கு வருத்தப்பட வேண்டும்? அதன் வேலை பாடுவதே இல்லை. திரை விலகப்போகிறது என்று சொல்வது. பிரகாரத்தில் பேசிக்கொண்டிருப்பவரும், செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரும் அந்த ஒரு கணம் சன்னதிப் பக்கம் திரும்பிவிட்டால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

பழகும் இடம்தான் பெரிய தொல்லை. நாகசுரம் பழகுகிற வீட்டைத் தெருவே பெருமையாகச் சொல்லும். சங்கு பழகினால்? நான் ஆரம்பித்த புதிதில் வீட்டு மாடியில் ஒரு மத்தியானம் ஊதிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு ஓடிவந்து, தலைமுடியை முடிந்துகொண்டே, “என்ன தம்பி, யாரு போயிட்டா?” என்றார். பின்னால் இரண்டு வீட்டுக் கதவும் திறந்தது. நம் பக்கத்தில் சங்கும் சேகண்டியும் தெருவில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். ஒருவர் கதை முடிந்தது என்று சொல்லச் சங்கு ஊதியாச்சு என்பதுதான் பேச்சு வழக்கு. அன்றிலிருந்து பயிற்சி அரசலாற்றங்கரையிலும், அலைச் சத்தம் இருப்பதால் கடற்கரையிலும்தான். கடல் எதிரே ஊதுவதில் ஒரு நன்மை உண்டு. ஒலி போதவில்லை என்றால் அலை உடனே சொல்லிவிடும்.

இந்தச் சாவுச் சங்கைப் பற்றிக் கோயில் வட்டாரத்தில் பேச மாட்டார்கள். அது வேறு, இது வேறு என்று முடித்துவிடுவார்கள். ஊதுகிற ஆட்களும் வேறு. அதில் நம் சமூகத்தின் மேடு பள்ளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் சங்கு ஒன்றுதான். மன்னார் வளைகுடாவில் மணலில் புதைந்து புழுக்களைத் தின்று வாழ்ந்த அதே உயிரின் கூடு. அறுக்கும் விதமும் ஒன்று. பாடையோடு நடந்துகொண்டே, உச்சிவெயிலில், தெரு முழுக்க நிறுத்தி நிறுத்தி ஊதிக்கொண்டு போகிறவரின் மூச்சை நான் பொறாமையோடு கேட்டிருக்கிறேன். எங்களுக்குத் தீபாராதனைக்கு மூன்று தடவை, நின்ற இடத்தில், நிழலில். அவருக்குச் சுடுகாடு வரைக்கும். அவரைக் கோயில் வாசலில் பார்க்கும்போது முகம் திருப்பிக்கொள்கிற அடியார்களை எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு, கல்யாணத்துச் சங்கு, கடைசிச் சங்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனவர் பட்டினத்தார். எங்கள் கரையில், காவிரிப்பூம்பட்டினத்தில், பிறந்த மனிதர்.

அவருக்கும் முன்னால், இதை இன்னும் தைரியமாகச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரி.

காரைக்கால் அம்மையார் கதை எல்லோருக்கும் தெரியும். புனிதவதி, மாங்கனி, மிரண்டு போன கணவன் பரமதத்தன், பாண்டிநாட்டில் இன்னொரு குடும்பம், மனைவி காலிலேயே விழுந்த கோலம். இனி இந்த அழகும் சதையும் யாருக்காக என்று உடம்பை உதறி எலும்புருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். தலையால் நடந்து கயிலை போனார். திருவாலங்காட்டுச் சுடலையில் ஆடுகிற இறைவன் காலடியில் இருந்துகொண்டு பாடினார். அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. வாத்தியங்களின் பெரிய பட்டியலே வருகிறது. அந்தப் பட்டியலில் கொக்கரையும் உண்டு. வலம்புரிச் சங்கு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கொம்பு வாத்தியம் என்பாரும் உண்டு. இத்தனை வாத்தியமும் முழங்குவது எங்கே? சுடுகாட்டில். கோயிலுக்கு ஒரு சங்கு, சுடுகாட்டுக்கு ஒரு சங்கு என்ற கணக்கு அம்மையாரிடம் செல்லாது.

ஊதி ஊதி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சாத்திரத்தில் தேட வேண்டாம். சங்கு என்பது ஓர் எலும்புருவம். உள்ளே இருந்த சதை போன பிறகுதான் அது வெளுத்தது. நுனியையும் இழந்த பிறகுதான் அதற்குக் குரல் வந்தது. சதையோடு இருந்தவரை அது கடலடியில் ஊமையாகக் கிடந்த பிராணி. அம்மையார் புனிதவதியாக இருந்தவரை அவர் பாடிய பாட்டு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பேயுருவம் கொண்ட பிறகு கிடைத்தவை நான்கு நூல்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அவர் விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு உட்கார்ந்து, கையில் தாளம் வைத்திருப்பார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்வரை அந்தக் கோலம் போயிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்த முகத்தில் இருக்கும் சிரிப்பு எதற்கு என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கும்.

அப்படியானால் அலங்காரம் எதற்கு என்று கேட்பீர்கள். நானே கேட்டுக்கொண்ட கேள்விதான். எலும்புக்கு வெள்ளி எதற்கு?

முதலில் வேலையைப் பார்ப்போம். ஊதுவாயில் வைக்கும் பூணுக்குக் காரணம் உண்டு. அறுத்த ஓட்டின் விளிம்பு எவ்வளவு ராவினாலும் கொஞ்ச நாளில் உதட்டைக் கிழிக்கும், ஓரம் பெயரும். வெள்ளியோ பித்தளையோ கிண்ணம்போல் அடித்து, அரக்கு வைத்துப் பொருத்தினால் உதடு உட்கார இடம் கிடைக்கிறது. ஒலி சட்டென்று பிடிக்கும், கொஞ்சம் பளிச்சென்றும் கேட்கும். அரக்கு விட்டுப்போனால் அந்த இடுக்கில் காற்று ஒழுகும். எவ்வளவு ஊதினாலும் மந்தமாகத்தான் வரும். பழைய சங்கு திடீரென்று சோர்ந்துவிட்டது என்று கொண்டுவருகிறவர்களுக்கு, பாதி நேரம் நோய் அங்கேதான். அகன்ற வாயின் கீழ்முனையில் யாளி முகம், தாமரை இதழ், படுத்திருக்கும் ரிஷபம் என்று வார்த்து மாட்டுவார்கள். அது கண்ணுக்கு. ஆனால் கீழே வைக்கும்போது சங்கின் மெல்லிய ஓரம் அடிபடாமல் காப்பதும் அதுதான். முதுகு முழுக்கத் தகடு போர்த்துவதில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. தகடு ஓட்டோடு ஒட்டி இருந்தால் பரவாயில்லை. ஓர் ஆணி தளர்ந்தால் போதும், ஊதும்போது அது தனியாக ஜிர்ரென்று கூடவே பாடும். தவிரவும் அந்தப் பால்வெண்மையை மறைத்துவிட்டு என்ன அலங்காரம்?

பராமரிப்பில் ஒரு விஷயம், சொல்லாமல் விட மனம் வரவில்லை. பித்தளைப் பூணைத் துலக்கப் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பார்கள். சங்கின் உடம்பு சுண்ணாம்பு. புளிப்பு அதைத் தின்னும். பூண் பளபளவென்று ஆகிவிடும், பக்கத்தில் இருக்கும் ஓடு மங்கிச் சொரசொரப்பாகிவிடும். நம் பக்கத்துப் பழைய கோயில் சங்குகளில் பூணை ஒட்டி ஒரு வளையம் அரித்திருப்பதைக் கவனித்தால் தெரியும். எத்தனையோ விசேஷ நாட்களின் புளி. வெள்ளிக்கு விபூதி போதும். விபூதியால் துடைத்து, ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. ஊதி முடித்ததும் உள்ளே தங்கிய எச்சில் ஈரத்தை வடியவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் இதன் பூசை.

செப்புத் திருமேனிகளில் பெருமாள் கையில் இருக்கும் சங்கைப் பாருங்கள். சோழர் காலத்துச் சிற்பிகள் அதைச் சுற்றித் தீச்சுடர் வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குச் சுடர் வைத்தால் புரிகிறது, அது சுழல்கிற ஆயுதம். தண்ணீரில் பிறந்த சங்குக்கு எதற்குத் தீ? என் யூகம், அந்தச் சிற்பிக்கு ஒலியைக் காட்ட வேண்டியிருந்தது. கல்லிலும் செம்பிலும் ஒலியைக் காட்ட வேறு வழி இல்லை. பூணில் தாமரை இதழ் விரிக்கிற பத்தரும் அதைத்தான் செய்கிறார். ஒலி புறப்படும் இடமும் வெளியேறும் இடமும்தான் எப்போதும் அலங்கரிக்கப்படுகின்றன. நடு உடம்பு வெறுமையாக விடப்பட்ட சங்குகளே எனக்கு அழகாகத் தெரிகின்றன.

ஆனால் அலங்காரத்துக்குக் காரணம் இத்தோடு தீரவில்லை. ஆனிப் பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, பரமதத்தன் புனிதவதி திருக்கல்யாணம், பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா. சாமி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே கூட்டம் கைநீட்டிப் பிடிக்கும். சப்பரத்துக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போகிறவன் பாடு சொல்லி மாளாது. ஊதும்போது கை இரண்டும் சங்கில். மேலேயிருந்து வருகிற பழத்துக்குத் தோளும் தலையும்தான். சங்கின் வாயை மேலே தூக்கி ஊதினால் பழம் உள்ளேயே விழும் என்று பெரியவர் கேலி செய்வார். அந்த நெரிசலில், எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன அந்த அம்மாவுக்கு ஊர் என்ன செய்கிறது? பட்டு கட்டுகிறது, மாலை போடுகிறது, கல்யாணம் செய்துவைக்கிறது, மடி நிறைய மாம்பழம் கொடுக்கிறது. அவர் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனதை எல்லாம் ஊர் வருடா வருடம் எடுத்துவந்து அவர் முன்னால் வைக்கிறது. எலும்புக்கு வெள்ளி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இந்தத் திருவிழாதான். அலங்காரம் சங்கின் தேவை இல்லை. ஊரின் ஆசை. அதைத் தடுக்க நாம் யார்?

மாசி மகத்துக்கு இன்னொரு அழகு. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். அவர் தேவி பத்மினி நாச்சியார் செம்படவர் குலத்தில் பிறந்தவர் என்பதால், மீனவர்களுக்கு அவர் பெருமாள் மட்டும் இல்லை, வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்று கூவித்தான் வரவேற்பார்கள், அவர்களே தூக்குவார்கள். அன்று கடற்கரையில் ஊதுவது கடினம். காற்று எதிர்த்து அடிக்கும். மணலில் கால் நிற்காது. கூட்டத்தின் இரைச்சலில் என் சங்கு எனக்கே கேட்காது. அங்கே நிற்கும் கிழவர்களில் சிலர் சங்கைக் கையில் வாங்கி, வெள்ளியைக் கண்டுகொள்ளாமல், ஓட்டின் எடையையும் வாயின் நிறத்தையும் பார்த்து, நம்ம பக்கத்துச் சங்கு இல்லை, தெற்கே எடுத்தது என்பார்கள். அந்தக் கண் எங்களுக்கு வராது. சங்கைச் சங்காகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

வலம்புரி வியாபாரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பலர் ஏமாந்துவிட்டு வந்து கேட்கிறார்கள். உண்மையான வலம்புரி என்பது நம் சாதாரணச் சங்கின் இனமே, சுருள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பிறந்தது. மிக அரிது. ஆகவே விலையும் அப்படி. அமெரிக்கக் கரையில் இன்னொரு கடல்நத்தை இருக்கிறது. அந்த இனம் முழுவதுமே பிறவியிலேயே அந்தப் பக்கம்தான் சுற்றும். அதை இறக்கி, வெளுத்து, வெள்ளிப் பூண் கட்டி, வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தூணைத் தடவிப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக விரலில் தட்டுப்படும்; அதில் வழவழவென்று இருக்கும். பூண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். ஊதுவதற்கு வலமும் இடமும் ஒன்றே. மூச்சுக்குத் திசை தெரியாது.

இப்போது பல கோயில்களில் மின்சார மேளம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் முரசு, மணி, சேகண்டி எல்லாம் தானே அடித்துக்கொள்ளும். ஆள் கிடைக்காத சின்னக் கோயிலில் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடிக்கிறதை எல்லாம் மோட்டாருக்குப் பழக்கிவிட்டார்கள். நான் பார்த்த இயந்திரங்களில் சங்கு மட்டும் இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊதினால் எங்கள் சங்கு எடுபடுவதும் இல்லை. அர்ச்சகர் பொத்தானை அணைக்கும்வரை காத்திருந்து ஊதுவேன்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. இப்போது வருவது ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறாள். அவள் பாட்டி முதல்நாள் கூடவே வந்து, “பொம்பளப் புள்ள சங்கு ஊதலாமாய்யா?” என்றார். வங்காளத்தைச் சொன்னேன். நம் கடலில் எடுக்கும் சங்கில் பெரும்பங்கு காலங்காலமாக அங்கேதான் போகிறது. கல்யாணமான பெண்கள் கையில் வெள்ளை வளையலாகிறது. அங்கே அந்தி விளக்கு வைத்துச் சங்கு ஊதுகிறவர்களே வீட்டுப் பெண்கள்தான். கல்யாணத்திலும் அவர்களே. பாட்டி நம்பினாரா தெரியவில்லை. “அங்க சரி, இங்க யாரு முதல்ல ஊதுனா?” என்றார். அம்மையார் கையில் தாளம் இருக்கிறதே என்றேன். “தாளந்தானே,” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு மூச்சு நன்றாக நிற்கிறது. உதடு இன்னும் இறுகவில்லை. பூண் இல்லாத சங்கில்தான் பழக்குகிறேன். விளிம்பின் கூர்மை உதட்டுக்குத் தெரிந்த பிறகு வெள்ளி போதும் என்பது பெரியவர் வைத்த முறை. போன வாரம் பாட்டி மறுபடி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி பழைய வெள்ளிக் கொலுசை எடுத்துக் கையில் வைத்தார். “ஒத்தப் பூணுக்கு இது காணுமாய்யா?” ஒன்று முத்து உதிர்ந்து, கொக்கி அறுந்து கிடந்தது. தாராளமாகக் காணும் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் பாட்டி என்றதற்கு, “நான் இருக்கறப்பவே பார்த்துடறேன்” என்றார்.

பத்தரிடம் கொடுத்திருக்கிறேன். இதழ் வேலை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள், முதுகில் மட்டும் தகடு ஏற்றாதீர்கள், அரக்கை வழிய வைத்து ஓட்டையை அடைத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனிப் பௌர்ணமிக்கு முன்னால் தருவதாகச் சொல்கிறார்.